மகனின் முதுகில் நான் கண்ட கோடுகள்

அன்று வெள்ளவத்தையில், கணக்கு டியூஷன் எடுக்கும் சேரின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: சேர், உள்கதவோடு நின்ற அவருடைய மனைவி, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர், அவர்களில் ஒருவனாக என் மகன். பிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஏறிய நான்.

அதற்கு முதல் நாள் மாலை மகன் குளித்துவிட்டு வந்து பெனியனை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். இடுப்புக்கு மேலே, முதுகின் குறுக்கே, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிவந்த கோடுகள். பிரம்படி என்றே நினைத்தேன். அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

“மகன், யார் அடிச்சது?”

“ஒருத்தரும் அடிக்கல்ல. முதுகில என்ன இருக்கெண்டு எனக்கு எப்படித் தெரியும்?”

பயத்தில் மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். போன கிழமைதான் கணக்கில் புள்ளி குறைந்திருந்தது. ஒன்றை நினைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஏறிய பஸ் வெள்ளவத்தைக்குப் போவதற்குள் அந்தப் பிரம்பின் நீளம்கூட என் மனதில் வந்துவிட்டது.

மகனை எழுந்து நிற்கவைத்து, எல்லாருக்கும் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“அம்மா, விடுங்க.”

சேர் சத்தம் போடவில்லை. “அக்கா, நான் பிள்ளையளிலை கை வைக்கிறேல்லை. இந்த வீட்டிலை பிரம்பே இல்லை.”

“அப்ப கோடு தானா வந்ததா?”

பின்னால் யாரோ “வரிக்குதிரை” என்றான். ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தாள். மகன் கொப்பிகளையும் எடுக்காமல் இறங்கிப் போனான். கைப்பையில் அந்த மாத வகுப்புச் சல்லி, நாலாயிரம் ரூபா, இருந்தது. “அடிக்கிறதுக்குச் சல்லியும் தரவேணுமா?” என்று கேட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

பொலிசுக்குக் காட்ட ஒரு துண்டு எழுதி வாங்கத்தான் அவனை டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

“அம்மா வெளில நிக்கட்டும், டொக்டர்,” என்றான் மகன்.

பிறகு அந்த டொக்டர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். “இது அடியில்ல. கொஞ்ச மாசத்துக்குள்ள மகன் நல்லா உயர்ந்திட்டார். அந்த வேகத்துக்குத் தோல் ஈடுகுடுக்கல்ல, இழுபட்டிருக்கு. இந்த வயசில வாறதுதான்.”

“என்ன பூசுறது?”

“தோல் வறண்டா, அரிச்சா, சாதாரண கிரீம் போதும். கோட்டை அழிக்கிற கிரீம் எண்டு விக்கிறதுக்குச் சல்லியக் கொட்டாதீங்க. நாள் போக வெளிறிடும். முழுசா மறையும் எண்டு சொல்ல ஏலாது.”

அந்த வருடம் அவனுடைய காற்சட்டைக் கரையை நானே இரண்டு தரம் பிரித்து இறக்கியிருந்தேன். துணி சுருங்குகிறது என்று கடைக்காரனைத் திட்டியதும் நான்தான்.

நான் சொன்ன கதையைக் கேட்டு இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளைச் சேரின் வகுப்பிலிருந்து நிற்பாட்டிவிட்டார்களாம். மகன் இப்போது வீட்டில் தனியாகக் கணக்குச் செய்கிறான். சாதாரண தரப் பரீட்சை கிட்டுகிறது. பாதிக் கணக்கில் பேனையை வைத்துவிடுகிறான். வகுப்புக்குத் திரும்பிப் போகச் சொன்னேன்.

“எல்லாருக்கும் முன்னாலதானே தூக்கிக் காட்டினீங்க? முதல்ல எல்லாருக்கும் முன்னால போய், சேர் அடிக்கல்ல எண்டு சொல்லுங்க. பிறகு போறன்.”

ஒரு நாள் போனேன். சேர் கணக்கு விளங்கப்படுத்தும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அதோடு திரும்பிவிட்டேன்.

மகன் இப்போது பெனியனைக் குளியலறைக்கே கொண்டுபோய்விடுகிறான். கோடுகள் வெளிறியிருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. சேருக்குக் கொடுக்க வேண்டிய நாலாயிரம் ரூபா இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.