கசிமாலியின் பூட்டிய பெட்டி

கசிமாலி முப்பது வருடம் பண்ணைத் தலைவர்களுக்கு ஜீப் ஓட்டியவர். தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜீப்பும் கசிமாலியும் மாறவில்லை. பிறகு கூட்டுப் பண்ணையைக் கலைத்துப் பங்கு பிரித்தபோது, ஆடு கேட்டவர்களுக்கு ஆடு போனது, நிலம் கேட்டவர்களுக்கு நிலம் போனது. எதையும் வாய் திறந்து கேட்டுப் பழகாத கசிமாலிக்கு, யாருக்கும் வேண்டாத அந்த ஜீப் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் அத்-பாஷி மலைப் பள்ளத்தாக்கில் அவரும் ஒரு சொத்துக்காரர்.

சொத்தின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். அந்த மாதிரி ஜீப்பில், முன்கண்ணாடிக்குக் கீழே, முன் இருக்கைக்காரருக்கு நேராக ஒரு திண்டு உண்டு. மேலே கறுப்பு ரெக்சின், உள்ளே ஸ்பஞ்சு. பள்ளம் மேட்டில் பெரிய மனிதர்கள் மூக்கை உடைத்துக்கொள்ளாமல் இருக்க வைத்தது. ஒவ்வொரு தலைவரும் அதை உள்ளங்கையால் தட்டித்தான் "ம், போ" என்பார். அவர்கள் தட்டியது பாதி, வெயிலும் பனியும் வெடிக்கவைத்தது பாதி என்று, ரெக்சின் கிழிந்து ஸ்பஞ்சு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. கறுப்புக் கால்சட்டையோடு ஏறியவர்கள் மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் போல இறங்கினார்கள். கடைசியில் ஒரு வசந்தத்தில் எலி ஒன்று அதற்குள் குட்டி போட்டது.

"ஊரே உங்க வண்டியில ஓசியில போகுது, எலி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவர் மனைவி புருல்சா.

அந்தச் சொல் தைத்துவிட்டது. மறுநாளே வெல்டிங் பட்டறை முசாகுனிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

"புதுத் திண்டு கிடைக்குமாடா?"

"இந்த வண்டிக்கா? அதைச் செஞ்சவனுங்களே மறந்திருப்பானுங்கண்ணே. திண்டை விடுங்க. அந்த இடத்துல ஒரு பெட்டி போட்டுத் தரேன். சாமான் வெச்சுக்கலாம்."

சாமான் வைத்துக்கொள்ளலாம் என்றதும் கசிமாலிக்கு என்னவோ போல இருந்தது, நல்ல விதமாகத்தான். இருவரும் காலை வெளியே நீட்டிக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, துருப்பிடித்த திருகுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழற்றினார்கள். திண்டு பாதி கையோடும் பாதி தரையிலுமாக வந்தது. முசாகுன் தகரத்தை வளைத்து, அதே அளவில் பெட்டி அடித்து, ரப்பர் வைத்து போல்ட் போட்டு முடுக்கினான். மேல்பக்கம் திறந்தால் கண்ணாடியில் இடிக்கும் என்பதால் மூடியை முன் இருக்கைப் பக்கம் திறக்கும்படி வைத்தான். மூடி, எங்கோ இடித்துப்போட்ட அலுவலகத்தின் இரும்பு அலமாரியிலிருந்து வெட்டியது. அதனால் கேட்காமலே பூட்டும் சாவியும் கூட வந்தன. உள்ளே ஒட்டப் புருல்சா ஒரு துண்டுக் கம்பளி கொடுத்தாள். ஜீப்பின் பச்சையையே அடித்ததும் பெட்டி பிறவியிலேயே அங்கே இருந்தது போல உட்கார்ந்துகொண்டது.

கோடை மேய்ச்சலுக்கு எல்லோரும் மலையேறியிருந்த சமயம். முதல் சவாரியிலேயே மூடி தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் படார் படார் என்று அடித்தது. பொறுத்துப் பார்த்த கசிமாலி, பாதி வழியில் வண்டியை நிறுத்தி, மூடியைச் சாத்திப் பூட்டினார். சத்தம் நின்றது. ஆனால் முன் இருக்கையில் இருந்தவர் தொக்தொசுன். ஒரு கூடாரத்தில் தும்மினால் அடுத்த கூடாரத்துக்குப் போய்ச் சளி என்று சொல்கிற ஆள்.

"என்னண்ணே, பூட்டுறீங்க?"

"மூடி ஆடுது."

"ஆடும், ஆடும்" என்றார் தொக்தொசுன், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேய்ச்சல் மலையில் யாரும் எதையும் பூட்டுவதில்லை. ஆளில்லாத கூடாரத்துக்குள் வழிப்போக்கன் நுழைந்து, தானே குதிரைப்பால் ஊற்றிக் குடித்துவிட்டு, கதவுக் கம்பளியை இறக்கிவிட்டுப் போவான். அங்கே ஒருவன் பூட்டுகிறான் என்றால், பூட்டும்படி ஏதோ இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் ஊர்ப்பேச்சில் பெட்டிக்குள் தங்கம் சேர்ந்துவிட்டது. மறுநாள், மருந்துக்குப் பொன் விலை போகும் கரடிப் பித்தமும் சேர்ந்தது. ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பாத கடைசித் தலைவர், டிரைவரிடம் எதையோ ஒப்படைத்துவிட்டுத்தான் போனாராம். அது தங்களுக்கு முன்னமே தெரியும் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள்.

அந்த வாரம் ஒரு விருந்து. விருந்தில் ஆட்டின் எந்த எலும்பு யாருக்கு என்பதற்கு எங்கள் பக்கம் கணக்கு உண்டு. இடுப்பெலும்புக் கறி பெரியவர்களுக்கு. கதவோரம் உட்காரும் டிரைவருக்கு விலா எலும்பு. முப்பது வருடமாக விலா எலும்பைக் கடித்தே கசிமாலிக்குப் பல் தேய்ந்திருந்தது. அன்று உள்ளே நுழைந்ததும், "அட, அங்க ஏன் உக்காருறீங்க? மேல வாங்க" என்று பத்துக் கை இழுத்தது. தட்டில் இடுப்பெலும்பு வந்து விழுந்தது.

"மூடி ஆடுச்சுப்பா, அதான் பூட்டினேன், வேற ஒண்ணுமில்ல" என்று அவர் நேர்மையாகத்தான் சொன்னார்.

"மனுஷன் எவ்வளவு அடக்கம் பாரு" என்றார்கள்.

இரண்டு மூன்று விருந்துக்குப் பிறகு அவர் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தக் கறிக்கு ஒரு ருசி இருக்கிறது. சாவியைக் கயிற்றில் கோத்துச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டார். நடையே கொஞ்சம் மாறிப்போனது.

பெட்டியோ காலி. ரொட்டியை வைத்துப் பூட்டுவது பாவம், மனம் வரவில்லை. கையுறை மணிக்கொரு தரம் வேண்டும். குறடு இருக்கைக்கு அடியிலேயே சுகமாக இருந்தது. வேறு என்ன வைப்பது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தார். கூடாரம் புருல்சாவின் சீர். ஆடுகள் மகன்கள் பேரில். ஆயுளெல்லாம் சுமந்தது அடுத்தவன் சாமான். பூட்டி வைக்கும்படி தனக்கென்று ஒரு பொருள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வலித்தது. அதற்காகவே பூட்டை இன்னும் கெட்டியாகப் பூட்டினார்.

இதற்குள் பால் கறக்கும் பெண்கள் புருல்சாவைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்காரர் பெட்டியில என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா அண்ணி?" என்று ஒருத்தி கேட்டாள். அதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம். புருல்சா நேராக வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எந்தப் பைத்தியக்காரனாவது பூட்டுவானா? பேரன் பேத்தி எடுத்தாச்சு, இப்ப என்கிட்ட மறைக்க உங்களுக்கு என்ன வந்துச்சு? திறங்க. இல்லைன்னா என்னை எங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

கசிமாலி விழித்தார். திறக்காவிட்டால் மனைவி போய்விடுவாள். திறந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பக்கத்துக் கூடாரத்து மருமகள் உண்டாகியிருப்பதை அவள் மாமியாருக்குத் தெரியும் முன்பே ஊருக்குச் சொன்னவள் புருல்சா. பெட்டி காலி என்பது அவள் வாயில் ஒரு தேநீர் நேரம்கூடத் தங்காது. அவர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவள் மூட்டை கட்டினாள்.

பள்ளத்தாக்கில் வேறு வண்டி ஏது? கோபித்துக்கொண்டு போகிறவளும் அந்த ஜீப்பில்தான் போகவேண்டும். முன் இருக்கையில், மடியில் மூட்டையோடு, அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டே வந்தாள். கணவாய் ஏறியதும் கசிமாலிக்கு அதற்குமேல் முடியவில்லை. வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

திறந்தாள். குனிந்து பார்த்தாள். கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினாள். அவள் கொடுத்த கம்பளிதான் தட்டுப்பட்டது.

"யோவ், இதுக்கா இத்தனை நாளும் சாவியை ஆட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

"மூடி ஆடுச்சு, பூட்டினேன். அப்புறம் திறக்க வெக்கமாயிடுச்சு" என்றார் அவர், வெளியே பார்த்துக்கொண்டு. "உள்ள வைக்க எனக்குன்னு எதுவுமே இல்ல புருல்சா."

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றும் நீர் நிற்கவில்லை. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"வண்டியைத் திருப்பு."

"ஊர்ல சொல்லிடுவியா?"

"கேட்டா சொல்லாம இருப்பேனா?"

திரும்பும் வழியெல்லாம் கசிமாலி விலா எலும்பை நினைத்துக்கொண்டே ஓட்டினார். கூடாரங்களுக்கு முன்னால் ஊர் கூடி நின்றது. தொக்தொசுன் எல்லோருக்கும் முன்னால். புருல்சா இறங்கினாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"பார்த்தேன். வெளியில சொல்ற விஷயமில்ல" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு குதிரை கறக்கப் போய்விட்டாள்.

புருல்சாவே சொல்லவில்லை! அவ்வளவுதான், கசிமாலியின் மதிப்பு மலையுச்சிக்குப் போய்விட்டது. அவருக்கு மனைவியின் காலில் விழலாம் போல இருந்தது. அந்த நெகிழ்ச்சியில் சாவியைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் முக்காட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனாள். மூடி திறந்தது, மூடியது, பூட்டு விழுந்தது.

"என்ன வெச்ச?"

"ஒண்ணுமில்ல" என்றாள் புருல்சா, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டிக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. துணியா? சீப்பா? யாராவது கொடுத்ததா? யார் கொடுத்தது? இத்தனை வயதுக்குமேல் கசிமாலிக்குத் தூக்கம் கெட்டது. கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்து முதல் விருந்தில், ஊரே கேட்க நினைத்ததைத் தொக்தொசுன் கேட்டுவிட்டார். "இப்பவாவது சொல்லுங்கண்ணே. உள்ள என்னதான் இருக்கு?"

"அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா" என்றார் கசிமாலி.

கூடாரமே குலுங்கச் சிரித்தது. "அப்பா, என்ன அழுத்தம் இந்த மனுஷனுக்கு!" என்று தொக்தொசுன் தொடையில் தட்டினார். விருந்து வைத்தவர் எழுந்து வந்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார். பெண்கள் பக்கத்தில் புருல்சா தலை நிமிராமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. அவள் கழுத்தில் ஆடிய சாவியையே பார்த்துக்கொண்டிருந்த கசிமாலிக்கு அது இறங்கவில்லை.