தாங்கிக்குப் பின்னால் என் கை

எங்கள் ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதில் ஏறிய மீன்பிடிப் படகு ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதன் எண்ணெய்த் தாங்கியில் வெடிப்பு விழுந்து டீசல் கசிந்தது. நாங்கள் பழைய வலைகளில் வைக்கோல் அடைத்து ஓடை வாயில் தடுப்புக் கட்டினோம். இருந்தாலும் கசிவை நிறுத்தாவிட்டால் அந்தத் தடுப்பு தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு காற்று கரைப்பக்கம் திரும்பி டீசலை ஓடைக்குள் தள்ளிவிடும்.

தாங்கி வெடித்தால் சலவைச் சவுக்காரத்தைப் பிசைந்து வெடிப்பில் அப்புவது படகுக்காரர் எல்லோரும் செய்கிற வேலைதான். இந்த வெடிப்பு தாங்கியின் பின்பக்கத்தில், படகின் சுவரோடு ஒட்டி இருந்தது. அந்த இடுக்கில் படகோட்டியின் கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"எங்கட மச்சான்ட கை உள்ளுக்கு போகும்," என்றார் என் தங்கையின் கணவர். "கலியாண வீட்டுல இவரப் பார்த்துட்டு, இது கையா ஈக்கில் குச்சியா எண்டு எங்கட உம்மா கேட்டவ."

எல்லோரும் சிரித்தார்கள். மீன் வாடியில் ஐஸ் இடிக்கிறவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. சேர்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினேன்.

மச்சான் பகிடி விட்டாலும் அவருடைய முகம் சரியில்லை. ஓடைக்குள் மிதக்கும் கூடுகளில் அவர் நண்டு வளர்க்கிறார். அப்போதுதான் ஓடு கழற்றிய நண்டுகள். தீனி போட்டு ஓடு இறுகினால்தான் விற்கலாம். வெளியில் எடுத்தால் செத்துப்போகும். கூட்டிலேயே விட்டால் மேலே மிதந்து வரும் டீசல் நேரே அவற்றின்மேல்தான் படியும். அவருக்கும் தங்கைக்கும் அதைவிட்டால் வேறு வருமானம் இல்லை.

என் கை தோள்வரை உள்ளே போனது. கன்னம் தாங்கியில் ஒட்டிக்கொண்டது. விரலால் தடவி வெடிப்பைக் கண்டுபிடித்து, துணியில் பொதிந்த சவுக்காரத்தை அழுத்தினேன். கசிவு நின்றது. அலை வந்து படகு கல்லில் இடித்ததும் வெடிப்பு வாய் திறந்து சவுக்காரத்தைத் தள்ளியது. மறுபடி அழுத்தினேன். கையை எடுக்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கியது.

"பம்பு வருகுது, கொஞ்சம் பிடிச்சிக்கொள்ளுங்க," என்று மேலேயிருந்து படகோட்டி சொன்னார். டீசலை உறிஞ்சி எடுக்கும் பம்பும் பீப்பாய்களும் நகரத்திலிருந்து வரவேண்டும்.

தலையைத் திருப்ப இடமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் துருப்பிடித்த ஓர் ஆணி மட்டும். டீசல் நெடியில் வாய் கசந்தது. விரல்கள் மரத்துப்போய், நான் அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியாமல் போனது. படகு ஒவ்வொரு முறை அசையும்போதும் தாங்கி நெஞ்சை நெருக்கியது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் கையை இழுக்கவே ஏலாது என்று நினைத்தேன். மேலே யாரோ தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"என்ன, ஏலுமா?" என்று படகோட்டி கேட்டார்.

"ஓம், பரவாயில்ல," என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு மச்சான் டோர்ச்சோடு இறங்கி வந்தார். என் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவர் உடுத்திருந்த சாரம் இடுப்புவரை சேறாக இருந்தது.

"கைய எடுங்க மச்சான். கூட்டையெல்லாம் தொறந்து உட்டுட்டன்."

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"எடுங்க எண்டு சொல்றன். அதுகள் சேத்துக்குள்ள போயிட்டு."

பிடியைத் தளர்த்தினேன். டீசல் மணிக்கட்டில் வழிந்தது. அந்தச் சேறும் இதே ஓடைக்குள்தான் இருக்கிறது. மறுபடி அழுத்தினேன்.

"என்ன செய்றீங்க?"

"பம்பு வரட்டும்."

"கூடுதான் இல்லையே இனி."

"நண்டு இரிக்கிதானே."

அவர் எஞ்சின் பக்கத்தில் குந்தி, ஒரு மட்டையால் எனக்கு விசிறத் தொடங்கினார். பம்பு வரும்வரை கை மாற்றி மாற்றி விசிறினார். தாங்கி காலியான பிறகு சவுக்கார நுரையைத் தோளில் ஊற்றி, அவரும் படகோட்டியும் சேர்ந்து என் கையை உருவி எடுத்தார்கள். தோல் கொஞ்சம் உரிந்து வந்தது.

ஓடையில் மறுபடி மீன் பிடிக்கலாம் என்று அதிகாரிகள் அறிவித்த பிறகு, கண்டவர் வலையிலெல்லாம் நண்டு ஏறியது. யாராவது நண்டோடு போனால் மச்சான் வழிமறித்து, "இது நான் தீனி போட்டு வளர்த்த பிள்ளை," என்பார். ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. கூடுகள் அவருடைய வீட்டு வளவில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவர் இப்போது என்னோடு வாடியில் ஐஸ் இடிக்கிறார்.