அவர் தட்டிக்கொண்டே வந்தார்

இது நடந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஆண்டிபட்டியைத் தாண்டி, கணவாய் ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்.

என் கணவர் சின்னமனூரிலிருந்து கேரளாவுக்கு வாழைத்தார் லாரி ஓட்டியவர். இருபத்தைந்து வருட ஓட்டம். ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அதன்பிறகு எது வேண்டுமென்றாலும் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். தண்ணீருக்கும் தட்டு, ஃபேனுக்கும் தட்டு, தலையணை நழுவினாலும் தட்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடித்து வந்தால், படுக்கப்போகும்வரை எனக்கு அந்தச் சத்தம்தான்.

மாதம் இருமுறை மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகவேண்டும். சாதாரணக் காரில் அவ்வளவு தூரம் அவரால் உட்கார முடியாது. பாதி வழியிலேயே சாய்ந்துவிடுவார். அப்போதுதான் உத்தமபாளையத்தில் ஒரு வியாபாரி வீட்டில் பழைய ஸ்டேஷன் வேகன் விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். முன்பக்கம் கார், பின்பக்கம் வேன் மாதிரி நீளம். பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகையில் நான்கு டயரிலும் காற்றில்லாமல் வண்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா உள்ளதைச் சொன்னார்: "எங்க மாமா ஆசையா வச்சிருந்தாக. ஓடுமான்னு மட்டும் கேக்காதீக, எனக்குத் தெரியாது." கோழியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, டேப் வைத்து நீளத்தை அளந்தேன். அவர் உயரத்துக்குப் போதும். வேறெதையும் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அதன்பிறகு ஏழு மாதம். எங்கள் ஊர் மெக்கானிக் பாய் நிதானமான மனிதர். துருப்பிடித்த தளத்தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்துப் பற்றவைத்தார். பிரேக் முடித்தால் ரேடியேட்டர் ஒழுகியது. அதை அடைத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பின்கதவுக் கைப்பிடி ஒன்றுக்காக மூன்று சனிக்கிழமை மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன நாட்களும் உண்டு.

இத்தனை மாதத்தில் என் கணவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. பாதி வாழ்க்கையை வண்டியோடு கழித்தவர் வீட்டில் படுத்திருக்கிறார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று யோசித்து விட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

வண்டியைக் கொடுக்கும்போது பாய் சொன்னார்: "அக்கா, சக்கரத்துக்கு எல்லாம் புது நட்டு போட்டிருக்கு. நூறு கிலோமீட்டர் ஓடுனதும் கொண்டாங்க, ஒருக்கா முறுக்கிக் குடுத்துர்றேன். மறந்துறாதீங்க." சரி என்றேன். மறந்துவிட்டேன்.

முதல் பயணம் நன்றாகவே போய்வந்தது. இரண்டாவது தடவை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடிக்க, பின்கதவு வழியாக அவரைக் கால்பக்கமாக உள்ளே தள்ளிப் படுக்கவைத்தோம். தலை பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு யாரும் கூட வரவில்லை.

தேனியைத் தாண்டியதும் அவர் பக்கத்துத் தகட்டைத் தட்ட ஆரம்பித்தார். "தண்ணியா? ஆண்டிபட்டில நிறுத்துறேன்," என்றேன். தட்டல் நிற்கவில்லை. ஆண்டிபட்டியில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். தலையை ஆட்டி மறுத்தார். தலையணையைச் சரிசெய்தேன். என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டு வந்து மறுபடி வண்டியை எடுத்தேன். வண்டி லேசாக ஆடியது. பழைய வண்டி, ஆடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் டக், டக், டக் என்று அதே தட்டு. முந்தின நாள் சரியான தூக்கமில்லை. அலுவலகத்தில் லீவு கேட்டுப் பேச்சு வாங்கியிருந்தேன். "ஒரு மணி நேரம் பேசாம வாங்களேன்," என்று கத்தினேன். பேசவே முடியாதவரிடம்.

தட்டு இன்னும் வேகமானது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓரங்கட்டி, இறங்கி, வாய்க்கு வந்ததைத் திட்டவேண்டும் என்றே பின்பக்கம் போனேன். பின்சக்கரம் கோணலாக நின்றது. ஐந்து நட்டில் மூன்றைக் காணோம். மிச்சமிருந்த இரண்டும் விரலால் திருப்பினாலே சுழன்றன. எதிரே கணவாய் வளைவுகள். ரோட்டோரம் நின்று வருகிற வண்டிகளை மறித்தேன்.

முருங்கைக்காய் ஏற்றிவந்த சின்ன லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். "மத்த மூணு சக்கரத்துலயும் ஆளுக்கொரு நட்டு கழட்டி இங்கன போட்டுருவோம். மெதுவா ஆண்டிபட்டிக்கே திரும்பிப் போயி நட்டு வாங்கிருங்க," என்றார். அவரே ஜாக்கி எடுத்து வந்தார். முறுக்கிக்கொண்டே, "இத யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டார். உள்ளே கைகாட்டினேன்.

லாரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனார். எல்லோரும் செய்வதுபோல என்னிடம், அவருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்கவில்லை. நேராகக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணே, எப்ப இருந்து சத்தம் கேட்டுச்சு?" என்றார்.

என் கணவரின் வாய் கோணியது. நெடுநேரம் முயன்றார். லாரிக்காரர் அவசரப்படாமல் காத்திருந்தார். கடைசியில், "அப்பவே," என்றார். பத்து மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை அது. சக்கரம் போட்ட சத்தத்தையே அவர் கையால் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மதுரை போய்ச்சேர மதியமாகிவிட்டது. வழியில் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. அழுதது நினைவிருக்கிறது.

அதன்பிறகு எல்லாம் மாறிவிடவில்லை. இன்னும் ஓரிரு வார்த்தைகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். வண்டி இன்றும் மாதத்தில் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, எனக்கு இன்றும் தூக்கம் போதவில்லை. சில மாலைகளில் எரிச்சலும் வரத்தான் செய்கிறது. ஆனால் படுத்திருக்கும் ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை நானே தீர்மானித்துவிடும் அந்தக் களைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று கணவாய்க்கு முன்னால் தெரிந்துகொண்டதால், எத்தனை அசதியிலும் முதலில் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று கேட்கிறேன்.