தெருமுனையில் அப்பா

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் தாய்மாமா வீட்டுக்கு அப்பாதான் என்னை அழைத்துப் போவார். ஆனால் வீடுவரை வரமாட்டார். திருச்செங்கோட்டைத் தாண்டி, போர்வெல் ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் மாமாவின் தெரு பிரியும் இடத்தில் மொபெட்டை நிறுத்துவார். "நீ போயிட்டு வா சாமி. நான் இங்கியே இருக்கறேன்" என்பார். நான் திரும்பும்வரை அங்கிருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அம்மா இறந்தபோது தொடங்கியது இது. மாமா அப்போது போர்வெல் போடும் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். நெதர்லாந்திலிருந்து நான் விமானம் பிடித்து வந்து சேரும்வரை அம்மாவைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் வந்ததும், இனியும் வைத்திருக்க வேண்டாம் என்று உறவினர்கள் சொல்ல, அப்பா தலையசைத்துவிட்டார். அம்மாவுக்குப் போர்த்த வேண்டிய பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை வழியில் எங்கோ வாங்கிக் கையில் பிடித்தபடி மாமா வந்து இறங்கியபோது, நாங்கள் எல்லாம் முடிந்து தலை முழுகியிருந்தோம். அவர் வாசலிலேயே நின்றார். "புள்ளைக்குக் காத்திருந்தீங்க. கூடப் பொறந்தவனுக்குக் காத்திருக்கக் கூடாதுங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

என்மீது மாமா கோபத்தைக் காட்டியதே இல்லை. நான் போனால் கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொல்வார். நெதர்லாந்துக் குளிரைப் பற்றி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார். அப்பாவைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். எனக்காகக் காத்திருந்ததால்தானே இந்தப் பிரிவு என்று நினைத்தபடியே சாப்பிடுவேன்.

இந்த முறை வெயில் கடுமையாக இருந்தது. அப்பாவுக்கு இப்போது கை லேசாக நடுங்குகிறது. வழியெல்லாம் எனக்குப் பயம். ஆட்டோவில் போகிறேன் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மாமா வீட்டில் இலை போட்டதும் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. "அப்பா வெயில்ல உக்காந்திருக்காருங்க மாமா" என்று முதல்முறையாகச் சொல்லிவிட்டேன்.

அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உனக்குத் தெரியாது கண்ணு. நீ ஊர்ல இல்லாதப்பவும் உங்கப்பா வர்றாரு. அந்தக் கடையில உக்காந்து ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு, இந்தத் தெருவையே பாத்துட்டுப் போயிர்றாராம். கடைக்காரரு இவருகிட்டச் சொல்லி வருசமாச்சு."

அப்பா என்னிடம் இதைச் சொன்னதில்லை. மாமா இலையைப் பார்த்தபடி, "போய்க் கூப்புடலாம்னு வாசல் கேட்டு வரைக்கும் போவேன் சாமி. என்ன பேசறதுன்னு தெரியாமத் திரும்பீருவேன்" என்றார்.

"ஒண்ணும் பேச வேண்டாங்க மாமா. வாங்கன்னு சொன்னாப் போதும்."

மாமா எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

டீக்கடையில் அப்பா அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது.

"ஊட்டுக்கு வாங்க மச்சான்" என்றார் மாமா.

"உனக்கும் காத்திருந்திருக்கோணும் மாப்ளே. அன்னிக்கு எனக்குப் புத்தி ஓடல" என்றார் அப்பா.

"அது கெடக்குதுங்க. சோறு ஆறுது, வாங்க."

மாமா மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்துத் தள்ளத் தொடங்கினார். அப்பா அதன் பின்சீட்டில் கைவைத்தபடி கூடவே நடந்தார். அந்த வருடம் மழை எப்படி என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்லிக்கொண்டு போனார். ஊரில் இறங்கியதிலிருந்து எல்லோர் கண்ணும் என்மேல்தான் இருந்தது. ஆனால் அந்த மதியம் இருவரில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களை முன்னே விட்டு நான் மெதுவாகவே நடந்தேன்.