கதிரைக்குப் பயந்தவர்

மலரக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கொடிகாமம் சந்தையில், ஒரு தகரக் கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கேள்விப்பட்டேன். சொன்னவர் எங்கள் கந்தோரின் முகாமையாளர். இடம்பெயர்ந்து வந்ததில் மெலிந்து, தாடி வளர்ந்து, ஆளே மாறிப்போயிருந்தார்.

"மலர் போயிட்டுது தம்பி. காய்ச்சல்தான். மருந்து கிடைக்கேல்லை."

எங்கோ தொலைவில் விமானம் இரைந்தது. செத்தவீட்டுச் செய்தியை நடுவில் விட்டுவிட்டு இருவரும் வானத்தை அண்ணாந்து பார்த்தோம். அப்படியொரு காலம் இது.

மலரக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இராசமலர் என்பது முழுப்பெயர். கொழும்பில் தட்டெழுத்தாளராக இருந்து, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கப்பலேறி வடக்கே வந்தவர். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஒரு அலுமாரியின் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். வெளியே வரச் சொன்னபோது கால்கள் மரத்துப்போய் எழும்ப முடியாமல் தவழ்ந்து வந்ததாக ஒருமுறை சொன்னார். அதை இரண்டாம் முறை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபின் வட்டுக்கோட்டையில் தாயாரோடு இருந்துகொண்டு எங்கள் கூட்டுறவுக் கந்தோருக்குச் சைக்கிளில் வேலைக்கு வந்தார். சில வருடங்களில் தலைமை எழுதுவினைஞர் ஆனார்.

எங்கள் வேலை முழுக்கக் கதிரையில்தான். காலையில் குந்தினால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவோம். எனக்கு இடுப்பை நிமிர்த்த விடாத நாரிப்பிடிப்பு, முகாமையாளருக்கு நீரிழிவு, மற்றவர்களுக்குக் கால்வீக்கம். அதையெல்லாம் உத்தியோகத்தோடு வருகிற சங்கதி என்றே எண்ணியிருந்தோம்.

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்ட பிறகு, ஒரு நண்பகலில் குண்டு போடும் பொம்மர் வந்தது. முற்றத்தில் பதுங்கப் பங்கர்க் குழி வெட்டி வைத்திருந்தும் நாங்கள் பாதிப்பேர் எழும்பவில்லை. பயம் ஒருபக்கம், விறைத்துப்போன கால்கள் மறுபக்கம். குண்டு அடுத்த தெருவில் விழுந்தது. புழுதி அடங்கியபோது மலரக்கா தட்டெழுத்துப்பொறியின் முன்னால் இருந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

மறுநாள் என்னிடம் சொன்னார்: "பொம்மரை நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது தம்பி. எனக்கு இந்தக் கதிரைதான் பயமாக் கிடக்கு."

பற்றரி ஊருக்குள் வரத் தடை, மின்சாரமும் இல்லை. ஊரில் பலர் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மலரக்கா தன் சைக்கிளைக் கந்தோர் மண்டபத்துக்குள் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பழைய வானொலிப் பெட்டியோடு இணைத்தார். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய எல்லோருக்கும் செய்தி வேண்டும். வேண்டுமென்றால் மிதிக்க வேண்டும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து அடங்கிவிடும். யாருடைய முறையில் குரல் அடங்குகிறதோ அவர் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி வரவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் மிதித்தவரும் அவரேதான்.

அடுத்தது ஓட்டம். எதிர்பாராத நேரத்தில் மேசையில் தட்டுவார். எல்லோரும் பங்கருக்கு ஓட வேண்டும். கடைசியாக வருபவர் அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். முதல் கிழமை ஏழு நாளும் நானே ஊற்றினேன். மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்போம். சிரித்து முடிந்ததும் வானத்துக்குக் காது கொடுப்போம்.

முகாமையாளருக்கு இது பிடிக்கவில்லை. இது கந்தோரா விளையாட்டு மைதானமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மலரக்கா எழுந்து நின்று மறுமொழி சொன்னார்: "நான் விளையாடேல்லை சேர். பயத்திலை செய்யிறன்."

முகாமையாளர் அதற்குப்பின் தடுக்கவுமில்லை, சேரவுமில்லை.

பிறகு ஒருநாள் பொம்மர் உண்மையாகவே வந்தது. இரைச்சல் கேட்ட கணத்தில் எங்கள் கால்கள் தாமாகவே ஓடின. பங்கருக்குள் குனிந்து பார்த்தால் முகாமையாளர் இல்லை. யாருக்கும் திரும்பிப் போகத் துணிவில்லை. எங்கள் எல்லோரையும்விடப் பயந்தவரான மலரக்கா வெளியே ஏறினார். தடுக்க எழுந்தேன், அதற்குள் போய்விட்டார்.

பின்னர் முகாமையாளரே சொல்லித்தான் உள்ளே நடந்தது தெரியும். கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி அவர் உறைந்திருந்தாராம். மலரக்கா வாசலில் நின்று, நாளாந்தம் எங்களை அழைக்கும் அதே குரலில், "சேர், கடைசி ஆள் நீங்கள்தான். தேத்தண்ணி உங்கடை முறை. எழும்புங்கோ" என்றாராம். பொம்மர் கீழ்நோக்கிக் குத்திவரும் வேளையில் அந்த வார்த்தை அவருக்கு என்னவோ செய்திருக்கிறது. எழும்பிவிட்டார். இருவரும் பங்கர் வாசலில் வந்து விழவும் நிலம் அதிரவும் சரியாக இருந்தது.

வெளியே வந்தபோது கூரை இறங்கி, எங்கள் மேசை கதிரைகள் ஓட்டுக் குவியலின் கீழே கிடந்தன. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. பின்வளவில் அடுப்பு மூட்டி, முகாமையாளர் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். பாதி நிலத்தில் சிந்தியது. மலரக்கா குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

இந்த ஐப்பசியில் இராணுவம் முன்னேற, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே பாதையில் நகர்ந்தபோது, தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டே தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தாராம். ஒரு கொட்டிலில் தங்கியிருந்தார்கள். நுளம்புக்கடியும் ஈரமுமாகக் கிடந்த இடம். ஷெல்லும் பொம்மரும் தொடாத அவரைக் காய்ச்சல் கொண்டுபோனது.

நானும் முகாமையாளரும் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டியது. கொட்டிலின் கிடுகுக் கூரை ஒழுகியது. மலரக்காவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் தாயார் தான் நனைந்தபடி, மகளின் முகத்துக்கு நேரே ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தார். ஒருவர் குடையை வாங்கப் போனார். தாயார் விடவில்லை.

"உவளுக்கு மழை ஒத்துக்கொள்ளாது. தடிமன் பிடிச்சிடும்" என்றார்.

மகளைத் தூக்கும்வரை அந்தக் குடை அப்படியே நின்றது. சுகமாய்ப் போங்கோ, மலரக்கா.