எண்ணெய் வைத்து வாரிய அடிமைகள்

எங்கள் கரும்புத் தீவில் முதல் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம், நவுசோரியில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு மலருக்காக, கறுப்பு அமெரிக்கர்களின் பழைய கதைகளையும் கவிதைகளையும் படக்கதையாக வரைந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, எனக்கு எழுதத் தடுமாறும். படமென்றால் இரு தரப்புக்கும் மானம் தப்பும் என்று நினைத்தேன்.

பருத்திச் செடியை நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் பருத்தி பறிக்கிற என் அடிமைகள் எல்லாரும் கரும்பு வெட்டுகிறவர்களைப் போலவே குனிந்தார்கள். இடது கையில் கரும்பு இல்லாததுதான் குறை.

பள்ளிக் குழுத் தலைவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கடைக்காரர். கலவரத்தில் தீவின் பூர்வகுடிக் கும்பல் அவர் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டது, நியூசிலாந்து விசாவுக்குக் காத்திருந்தார். பதினாறு பக்கத்தையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அச்சா மாஸ்டர், படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் எல்லாம் கறுப்பனுங்க? நம்ம கடைய ஒடச்சவனுக்கே கதை போடுறீங்களா?"

"ஐயா, இவங்க அமெரிக்காக்காரங்க. செத்து நூறு வருசம் ஆச்சு. உங்க கண்ணாடிய இவங்க ஒடைக்கல."

"அரே, எல்லாம் ஒண்ணுதான். முடிய நேராக்குங்க, மூஞ்சிய கொஞ்சம் வெளுத்துடுங்க. கப்பல்ல வந்த நம்ம பெரியவங்கன்னு ஜனங்க நெனச்சுக்கும். இல்லன்னா அச்சுக்குப் போவாது."

அவர் வெளுக்கச் சொன்னது, தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து ஏலம் விடுகிற கதையை. மெட்ராசில் கூலிக்குப் பிடித்துக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சத்தில் வந்தவர், அடித்து விரட்டப்பட்டு மூட்டை கட்டுகிற நேரத்திலும், தன்னைவிடக் கறுப்பு யார் என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் நான் அவரைப் பார்த்துச் சொன்னது: "சரிங்க."

வீட்டுக்கு வந்து, வெள்ளை மையும் மெல்லிய தூரிகையுமாக உட்கார்ந்தேன். நாலு பக்கம் முடித்திருந்தேன். என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன, எல்லாருக்கும் எண்ணெய் வெச்சு வாரி விட்டிருக்கீங்க? ஏலத்துக்கா, கல்யாணத்துக்கா?"

தூரிகையைக் கீழே வைத்தேன். மறுநாள் மிச்சப் பன்னிரண்டு பக்கத்தை அப்படியே கொண்டுபோய், அந்த நாலையும் திரும்ப வரைந்து தருகிறேன், ஒரு முடியைக்கூட நேராக்க மாட்டேன் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் தாள்கட்டைத் திருப்பித் தந்தார். மலர் வந்தது. என் பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெளிநாடு செல்லும் தலைவருக்கு வாழ்த்துரைகளும், கோட்டு போட்ட அவருடைய புகைப்படமும்.

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த நாலு பக்கத்தில்தான் தாயின் முகம் இருந்தது. வெள்ளை மையைச் சுரண்டினேன், தாள் கிழிந்தது. எத்தனையோ முறை மறுபடி வரைந்து பார்த்தேன், அந்த முகம் வரவில்லை. அந்த மாதம் நாடு முழுக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள், என் மேஜைக்கு எதிரே ஒரு துப்பாக்கிகூட இல்லை. நானேதான் வெளுத்தேன்.