சின்ன வயசுக்கு ஒரு சாட்சி

"சின்ன வயசிலை நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் ஆராவது இருக்கினமோ?" எண்டு டொக்டர் கேட்டா. எனக்குப் பொசுக்கெண்டு கண் கலங்கிட்டுது. உதுக்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான். சண்டைக்காரி எண்டு கந்தோரிலை பேர் எடுத்தவள்.

நாப்பது வயசு தாண்டி, யாழ்ப்பாணத்திலை மனநலக் கிளினிக்கிலை போய் நான் குந்தினதுக்குக் காரணம் ஒரு கேத்தில். நெடுந்தீவிலை நான் தனிய இருக்கிற வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு அடுப்பிலை கேத்திலை வைச்சிட்டு, ஆட்டுக்குக் குழை போடுவம் எண்டு வளவுக்குள்ளை இறங்கினனான். கொடியிலை காய்ஞ்ச உடுப்பைக் கண்டு அதை எடுத்தன். எடுக்கேக்கை மதிலிலை கல்லுச் சரிஞ்சு கிடந்ததைக் கண்டு அதை அடுக்கத் துவங்கிட்டன். திரும்பி வாறன், குசினியிலை அடுப்புப் பக்கத்து யன்னல் சீலை எரிஞ்சுகொண்டு நிக்குது! தண்ணியை அள்ளி ஊத்தி அணைச்சுப்போட்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டன். கத்தியிருந்தாலும் ஆருக்குக் கேக்கும்? எங்கடை ஒழுங்கையிலை மற்ற வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு.

படகைத் தவற விடுறது வேறை கதை. கந்தோர் புங்குடுதீவிலை. காலமைப் படகை விட்டா அண்டைக்கு வேலை இல்லை. நான் விட்ட படகுகளை வரிசையா நிப்பாட்டினா அக்கரைக் குறிகாட்டுவான் துறைக்கு நடந்தே போகலாம். படகோட்டி அண்ணை பாவம், "பிள்ளை வருகுதோ எண்டு ஒருக்கா பாருங்கோ" எண்டு கயிறை அவிழ்க்காமல் நிப்பார். சனம் புறுபுறுக்கும். நான் ஒரு கையிலை செருப்பும் மற்றக் கையிலை சாப்பாட்டுப் பையுமா ஓடி வருவன். பொறுத்துப் பாத்த மேலதிகாரி, இனியும் பிந்தினா மேலிடத்துக்கு எழுதுவன் எண்டு சொல்லிப்போட்டார். அந்த வேலையும் போனா நான் மனிசரோடை கதைக்க வேறை இடம் இல்லை.

டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. அவசரப்படாமல் எல்லாம் கேட்டா. கவனம் ஓரிடத்திலை நிக்காத இந்த ஏடிஎச்டி எண்டுறது பெரியாக்களுக்கும் இருக்குமாம். பெட்டையளுக்கு இருந்தா, குழப்படி இல்லாதபடியால் கனபேரைக் கண்டுபிடிக்கிறதே இல்லையாம். "ஆனா அக்கா, அது சின்னனிலையே துவங்கியிருக்கோணும். அப்ப உங்களைத் தெரிஞ்ச ஒராள் சொன்னால் நான் நம்பி மருந்து துவங்கலாம்" எண்டா.

ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கூடப் படிச்சவளவை பாரிசிலையும் லண்டனிலையும். இடம்பெயர்ந்து ஓடேக்கை பள்ளிக்கூட றிப்போட்டும் துலைஞ்சு போச்சுது. நானும் ஒருகாலம் சின்னப்பிள்ளையா இருந்தனான் எண்டு சொல்லத் தீவிலை ஒரு சீவன் இல்லை. மிச்சம் கனடாவிலை இருக்கிற அக்கா ஒராள்தான். நல்ல நாள் பெருநாளுக்குக் கதைக்கிறதோடை சரி.

கேட்டவுடனை, "ஓம், நான் சொல்லுறன், நீ யோசிக்காதை" எண்டா அக்கா. அடுத்த கிளினிக்கிலை டொக்டர் வீடியோவிலை அவவை எடுத்தா. அங்கை படுக்கைக்குப் போற நேரம். அக்காவெண்டால் தலைவாரி இழுத்து, பொட்டு வைச்சு, நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு இருக்கிறா. டொக்டரோடை கதைக்க ஏன் இந்தச் சோடனை எண்டு நான் யோசிச்சன்.

"அவ நல்ல அமைதியான பிள்ளை டொக்டர். ஒரு சோலி சுரட்டுக்கும் போகமாட்டா. நேரத்துக்கு எழும்புவா. வீட்டு வேலை எல்லாம் பாத்துப் பாத்துச் செய்வா. சமையலும் நல்லாத் தெரியும்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பாத்தா. எரிஞ்ச யன்னல் சீலையின்ரை கதையை முதல்நாளே அவவுக்குச் சொல்லியிருந்தனான்.

எனக்கு விளங்கிட்டுது. இது கலியாணப் பேச்சுக்காலுக்குச் சொல்லுற மறுமொழி. எங்கடை பக்கத்திலை ஒரு பெட்டையைப் பற்றி வெளியாள் விசாரிச்சா, வேலிச்சண்டை பிடிச்ச அயலட்டைகூட நல்லதைத்தான் சொல்லும். எனக்குக் கலியாணம் பேசின காலத்திலை அக்கா இதைப் பாடமாக்கி, வந்த வந்த ஆக்களுக்கெல்லாம் ஒப்புவிச்சவ. ஒண்டும் பொருந்தி வரேல்லை, அது கிடக்கட்டும். இவ்வளவு காலத்துக்குப் பிறகும், என்ரை தங்கச்சி எப்பிடி எண்டு ஒராள் கேட்டா அவவின்ரை நாக்கு அங்கைதான் போகுது. டொக்டர் பேனையை மூடி வைச்சா. வேறை ஆரும் இருந்தா யோசிச்சுக்கொண்டு வரச் சொன்னா.

பஸ் ஸ்ராண்டிலை நிண்டு அக்காவுக்கு ஃபோன் அடிச்சன். "என்னை ஆருக்குக் கட்டிவைக்கப் பாத்தனி? அந்த டொக்டருக்கோ?"

"பின்னை என்ன? என்ரை தங்கச்சி விசரி எண்டு சொல்லச் சொல்லுறியோ? உன்னைப் பற்றி வெளியிலை ஒரு குறை சொல்லக்கூடாது எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ."

"அக்கா, நான் தனிய இருக்கிறன். ஒரு நாளைக்கு நான் வீட்டோடை எரிஞ்சாலும் ஊருக்கு விடிஞ்சாப் பிறகுதான் தெரியும். நீ உள்ளதைச் சொன்னாத்தான் எனக்கு மருந்து."

அவ ஃபோனை வைச்சிட்டா. அல்லைப்பிட்டி தாண்டி, வேலணை தாண்டி பஸ் போகுது. எனக்குப் பக்கத்துச் சீற்றிலை ஒருத்தரும் இல்லை. இனி ஆரட்டைப் போறது? அண்டைக்குப் பிறகு அக்கா ஃபோன் எடுக்கவே இல்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் விடுவமோ எண்டுகூட யோசிச்சன். ஆனாலும் போனனான்.

டொக்டர் திரும்பவும் அடிச்சுப் பாத்தா. அக்கா எடுத்தா. வேலை உடுப்பு, பொட்டில்லை, கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய்க் கிடக்கு. டொக்டர் கேக்க முன்னமே துவங்கிட்டா.

"தண்ணி அள்ள விட்டா வாளி கிணத்தடியிலை நிக்கும், இவள் நிக்கமாட்டாள். கடைக்கு விட்டா வெட்டைவெளியிலை மேயிற காட்டுக் குதிரையளைப் பாத்துக்கொண்டு நிப்பாள். ஒற்றைச் செருப்போடை பள்ளிக்கூடம் போனவள். பொழுதுபட்டா, தேடிக்கொண்டு வா எண்டு அம்மா என்னைத்தான் கலைப்பா. நான் ஒரு நாள் ஒழுங்கா விளையாடினதில்லை டொக்டர். இவளைக் கண்டவுடனை, அம்மாவுக்குக் கேக்கோணும் எண்டு தூரத்திலை நிண்டே கத்துவன், 'ஆளைக் கண்டிட்டன்' எண்டு."

பிறகு குரலைத் தாழ்த்தினா.

"கனடாவுக்குப் பிளேன் ஏறின அண்டைக்கு, இனி இவளைத் தேடத் தேவையில்லை எண்டு எனக்குச் சந்தோசம். இப்பவும் பொழுதுபட்டா, ஆரையோ தேடிப் போகோணும் போலை நெஞ்சுக்குள்ளை கிடந்து உலைக்கும். என்ரை மனுசனுக்குச் சொன்னா சிரிப்பார்."

நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். என்னை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். டொக்டர் எழுதிக்கொண்டே இருந்தா.

பிறசர் பாத்து, ஈசிஜி எடுத்து, மருந்துக் குளிசை தந்தினம். அதிசயம் ஒண்டும் நடக்கேல்லை. வாய் காய்ஞ்சுது, மத்தியானச் சாப்பாடு இறங்கேல்லை. ஆனா கேத்திலை வைச்சா, கொதிக்குமட்டும் பக்கத்திலை நிக்க ஏலுமா இருந்தது. மண்டைக்குள்ளை எந்த நேரமும் சந்தைபோலை கிடந்த இரைச்சல் அடங்கிச்சுது. அடங்கினாப் பிறகுதான் வீட்டிலை எவ்வளவு அமைதி எண்டு தெரிஞ்சுது. உண்மையாச் சொன்னா, பயந்திட்டன். இவ்வளவு காலமும் அந்த இரைச்சல்தான் எனக்குத் துணை போலை. இந்த அமைதிக்கு டொக்டரட்டைக் குளிசை இல்லை.

பேந்தொரு நாள் காலமை, படகு வெளிக்கிட முன்னமே வெள்ளெனத் துறைக்கு வந்திட்டன். படகோட்டி அண்ணை அப்பதான் படகைக் கழுவிக்கொண்டு நிக்கிறார். "என்ன பிள்ளை, நேற்று விட்ட படகுக்கு இண்டைக்கு வந்தனீரோ?" எண்டார். சனம் இன்னும் வரேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு நிக்க ஒருத்தருக்கும் தேவையும் இல்லை. துறையடிக் கல்லொண்டிலை தனிய இருக்க எனக்கு என்னவோ போலை இருந்தது.

ஃபோன் அடிச்சுது. அக்கா. எங்கடை விடியல் அங்கை பொழுதுபடுற நேரம்.

"எங்கை நிக்கிறாய்?" சின்னனிலை கூப்பிட்ட அதே அதட்டல்.

"துறையிலை."

"பொய் சொல்லாதை."

ஃபோனைத் திருப்பிக் கடலைக் காட்டினன், படகைக் காட்டினன், கடைசியா என்ரை மூஞ்சையைக் காட்டினன். அவவின்ரை முகத்துக்குப் பின்னாலை யன்னல் இருண்டுகொண்டு வருது. அக்கா ஃபோனுக்குக் கிட்ட வந்து என்னைப் பாத்தா. பிறகு, கேக்கிறதுக்கு அம்மா இல்லாதபடியால், மெல்லமாத்தான் சொன்னா.

"ஆளைக் கண்டிட்டன்."